ஏழுல வைக்க வேண்டிய ஃபேடர்

போன மாசம் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். சண்டைக் காட்சி எல்லாம் ஓரளவு ஓகே. வசனம் மட்டும் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. இடைவேளையில ஆபரேட்டர் ரூம் வாசல்ல போய் நின்னேன். "அண்ணே, ஃபேடர் எதுல இருக்கு?" "நாலரைல இருக்கு தம்பி. ஏத்தினா ஃபேமிலியா வர்றவங்க சண்டைக்கு வருவாங்க."

அது ஏழுல இருக்கணும். ஏன் ஏழு? அதுதான் இன்னைக்குக் கதை.

1930களின் கடைசியிலேருந்து ஹாலிவுட்டில் ‘அகாடமி கர்வ்’னு ஒரு முறை இருந்தது. ஃபிலிம் ஓரத்துல இருந்த ஒலித்தடம் சர்ருனு இரையும். அந்த இரைச்சல் கேட்கக்கூடாதுன்னு மேல்சுருதி ஒலிகளையே வெட்டிவிட்டார்கள். இரைச்சலோடு சேர்ந்து ஒலியின் தெளிவும் போச்சு.

டால்பியின் இரைச்சல் குறைப்பு வந்த பிறகு அப்படி வெட்ட வேண்டிய தேவை இல்லாம போச்சு. 1970களின் தொடக்கத்தில் டால்பியின் இயோன் ஆலன் குழு லண்டன் பக்கத்துல எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஒரு சோதனை செய்தது. மிக்ஸ் பண்றவர் பக்கத்துல ஒரு நல்ல ஸ்பீக்கர், தூரத்துல திரைக்குப் பின்னால தியேட்டர் ஸ்பீக்கர். ரெண்டும் ஒரே மாதிரி கேட்கணும்னா என்ன செய்யணும்? மீட்டர்ல ரெண்டையும் சமமா வச்சா, தூரத்து ஸ்பீக்கர் காதைக் கீறியது. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஆக்டேவுக்கு 3 டெசிபல் வீதம் சரியவிட்டாதான் ரெண்டும் ஒத்துப்போச்சு. இதுதான் எக்ஸ்-கர்வ். பிறகு உலகத் தரமாவும் ஆச்சு.

அடுத்தது சத்தத்தின் அளவு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எல்லா ஆக்டேவிலும் சம ஆற்றல் உள்ள ஒரு இரைச்சல் உண்டு, பிங்க் நாய்ஸ்னு பேர். மழை சத்தம் மாதிரி இருக்கும். ஹால்ல மூணுல ரெண்டு பங்கு பின்னால மைக்கை வச்சு, திரைக்குப் பின்னால உள்ள ஸ்பீக்கர்ல ஒவ்வொண்ணா அதை ஓடவிட்டு, 85 டெசிபல் வர்ற வரைக்கும் ஆம்ப்ளிஃபையரைத் திருகணும். அப்போ ஃபேடர் ஏழுல இருக்கணும். மிக்ஸிங் ஸ்டுடியோவிலும் இதே 85, இதே ஏழு. இயக்குநர் என்ன கேட்டாரோ அதையேதான் நீங்களும் கேட்பீங்கன்னு ஒரு ஒப்பந்தம்.

அப்புறம் டிஜிட்டல் வந்துச்சு. 1992ல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ்: டால்பி, ஃபிலிம் ஓட்டைகளுக்கு நடுவுல இருந்த இடத்திலேயே டிஜிட்டல் தகவலை அச்சடிச்சுது. 1993ல் ஜுராசிக் பார்க்: டிடிஎஸ், ஒலியைத் தனி சிடியில் வச்சு, ஃபிலிம்ல ஒரு டைம்கோடு மட்டும் விட்டுது. ரெண்டுமே அட்டகாசமான ஹேக்னு சொல்வேன்.

டிஜிட்டல்ல 85க்கு மேல இன்னும் 20 டெசிபல் ஏற இடம் இருந்தது. அதாவது திரைக்குப் பின்னால உள்ள ஒரு சேனலுக்கே 105. இடம் இருந்தா விடுவாங்களா? முதல்ல டிரெய்லர்காரங்க நிரப்பினாங்க. மக்கள் புகார் செய்தாங்க. ஆபரேட்டர் ஃபேடரை ஐந்துக்கு இறக்கினார். டிரெய்லர் முடிஞ்சு படம் தொடங்கினதும் திரும்ப ஏத்த யாரும் இல்லை. தியேட்டர்ல எப்படியும் குறைச்சுத்தான் வைப்பாங்கன்னு மிக்ஸ் பண்றவங்க இன்னும் சத்தமா மிக்ஸ் பண்ணினாங்க. திரும்பப் புகார், திரும்ப இறக்கம். வெளியேறும் கண்டிஷனே எழுதாத லூப் இது. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் டிரெய்லர் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டிய நிலை வந்தது.

நாலரைனா எவ்வளவு இழப்பு? நாலுக்கு மேல ஃபேடர்ல ஒரு எண் கூடினா சுமார் 3.3 டெசிபல். ஏழுலேருந்து நாலரைக்கு வந்தா 8 டெசிபலுக்கு மேல போச்சு. வெடிகுண்டுக்கு அது பெரிய விஷயம் இல்லை, எட்டு குறைஞ்சாலும் காது கேட்கும். கிசுகிசுத்த வசனம்தான் ஏசி சத்தத்திலும் பாப்கார்ன் கவர் சத்தத்திலும் மூழ்கிப்போகும். 2001ல் மல்ஹாலண்ட் டிரைவ் வந்தப்போ, வழக்கத்தைவிட 3 டெசிபல் ஏத்தி ஓட்டுங்கன்னு டேவிட் லிஞ்ச் ஆபரேட்டர்களுக்குக் கடிதமே எழுதினார்.

இப்போ ஃபிலிமே இல்லை. 2012ல் வந்த அட்மாஸ்ல ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியா அளந்து டியூன் பண்றாங்க. ஆனா ஃபேடர் இன்னும் அங்கேயேதான் இருக்கு.

அன்னைக்கு அந்த அண்ணன் எனக்காக ஐந்தரைக்கு ஏத்தினார். வசனம் தெளிவா கேட்டுச்சு. சரியா பத்து நிமிஷம். எனக்கு ரெண்டு வரிசை முன்னால இருந்த ஒரு அம்மா எழுந்து வெளிய போனாங்க. அவங்க திரும்பி வந்து உட்கார்றதுக்குள்ள சத்தம் இறங்கிடுச்சு.