குடும்பத்துக்கே ஒரு கவுன்சலர்: ஒரு சின்ன வரலாறு

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கே காய்ச்சல் வந்தால்? அப்பாவும் மகனும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் குடித்துவிட்டு வருவதால் தங்கை படிப்பு கெடுகிறது. பெரியப்பாவையோ தாய்மாமனையோ கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவது நம் பழைய வழி. "ஃபேமிலி கவுன்சலிங்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் போவது புது வழி. அந்தப் பலகையை யார் மாட்டலாம் என்ற கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நூறு. அதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது, கொஞ்சம் பயமுறுத்துவதும் கூட.

அமெரிக்காவில் கல்யாணத்துக்கு ஆலோசனை சொல்வதை ஒரு தொழிலாகப் பிரபலமாக்கியவர் பால் பொப்பனோ. 1930இல் லாஸ் ஏஞ்சலஸில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். சரி, மனநல மருத்துவரா? இல்லை. பேரீச்சை நிபுணர்! அப்பாவின் நர்சரிக்காக மத்தியக் கிழக்கு நாடுகளில் அலைந்து பேரீச்சங்கன்று சேகரித்தவர். பிறகு பரம்பரையியல் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியரானார். "டாக்டர்" பட்டம் ஒரு கல்லூரி கொடுத்த கௌரவப் பட்டம். இதுவரை சிரிக்கலாம். ஆனால் அவர் யூஜெனிக்ஸ் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையின் முக்கியமான பிரச்சாரகர். "தகுதியற்றவர்களுக்கு" கட்டாயக் கருத்தடை செய்ய வேண்டும் என்று எழுதியவர். "தகுதியுள்ள" குடும்பங்கள் உடையக் கூடாது, பிள்ளைகள் பெற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆலோசனைக்குப் பின்னால் இருந்த கணக்கு. 1953 முதல் "லேடீஸ் ஹோம் ஜர்னல்" இதழில் வந்த பிரபலமான தம்பதியர் பிரச்சினைப் பகுதியின் பின்னாலும் இவருடைய நிறுவனம்தான் இருந்தது. கண்ணீரோடு அவரிடம் போன பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்?

இவர் இப்படி என்றால், முறையாகப் படித்த மருத்துவர்களோ குடும்பத்தை அறைக்குள்ளேயே விடவில்லை. ஃப்ராய்டு காலத்திலிருந்து உளப்பகுப்பாய்வில் நோயாளி தனியாகத்தான் வர வேண்டும். சொந்தக்காரர்கள் தலையிடுவதை ஃப்ராய்டு அறுவை சிகிச்சையின்போது உறவினர்கள் மேஜையைச் சுற்றி நின்று கூச்சல் போடுவதோடு ஒப்பிட்டார். அம்மாவைத் தனியாக, பிள்ளையைத் தனியாகப் பார்ப்பார்கள். சேர்த்துப் பார்ப்பது தொழில் தர்மத்துக்கே விரோதம்.

அந்தக் கதவு திறந்த விதம் தமாஷானது. 1951இல் ஜான் பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் லண்டனுக்குப் போயிருந்தார். அங்கே டாவிஸ்டாக் மருத்துவமனையில் ஜான் பௌல்பி குடும்பங்களை வைத்து ஏதோ செய்து பார்க்கிறார் என்று பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. முழுக் குடும்பத்தையும் ஒரே அறையில் வைத்துத் தொடர்ந்து சிகிச்சை தருகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் தானே அதை ஆரம்பித்துவிட்டார். உண்மையில் பௌல்பி எப்போதாவது ஒருமுறைதான் குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைத்திருந்தார். பெல்லுக்கு அது பிறகுதான் தெரிந்தது. தப்பாகப் புரிந்துகொண்டதில் ஒரு சிகிச்சை முறை பிறந்துவிட்டது :)

அதே சமயத்தில் வேறு இடங்களிலும் கதவு திறந்தது. 1954இல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் மர்ரே போவன், மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட மகள்களோடு அவர்களுடைய அம்மாக்களையும் வார்டில் தங்க வைத்தார். பிறகு அப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கிரிகரி பேட்சன் என்ற மானிடவியலாளரின் குழு, வீட்டில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் முறையையே ஆராய்ந்தது. 1956இல் அவர்கள் "இரட்டைக் கட்டு" என்ற கருத்தை வெளியிட்டார்கள். வாய் "வா" என்கிறது, உடம்பு "வராதே" என்கிறது; இரண்டையும் சுட்டிக்காட்டவும் முடியாது, விலகிப் போகவும் முடியாது. இப்படியே வளரும் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

அவர்கள் கொடுத்த உதாரணத்திலும் அந்த "வாய்" அம்மாவுடையதுதான். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற பெண் மருத்துவரே "மனச்சிதைவை உண்டாக்கும் தாய்" என்ற சொல்லை எழுதியிருந்தார். குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்கள், சரி. ஆனால் கூப்பிட்டது உதவி செய்யவா, குற்றவாளியைத் தேடவா? பிள்ளைக்கு நோய் வந்து நொந்துபோய் வந்த அம்மாவிடம், "நீ வளர்த்த லட்சணம்தான் இது" என்று நாகரிகமான மொழியில் சொல்லி அனுப்பினார்கள். இப்படி ஒரு தலைமுறையே பழி சுமந்தது. அந்தக் கோட்பாட்டுக்குச் சான்று கடைசிவரை கிடைக்கவில்லை. 1979இல் விஸ்கான்ஸின் மாநிலம் மேடிஸனில் நோயாளிகளின் குடும்பத்தினரே கூடித் தேசிய அளவில் ஒரு அமைப்பைத் தொடங்கியதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் கண்காணிப்பாளராக இருந்தார். மருத்துவமனை நிரம்பி வழிந்தது, ஆட்கள் போதவில்லை. அவர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கச் சொன்னார். சொந்தக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள், சமைத்துப் போட்டார்கள், நோய் என்றால் என்ன என்று மருத்துவர் பேசுவதைக் கேட்டார்கள். குணமானவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மருத்துவமனையில் விட்டுவிட்டு மறந்துபோவது குறைந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியிலேயே வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் உறவினர் கூடவே தங்கும் முறையை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் பெங்களூர் நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு வந்தது.

கவனித்தீர்களா? போவனும் வித்யா சாகரும் ஒரே பத்தாண்டில் ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். அங்கே குடும்பத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கூப்பிட்டார்கள், இங்கே கூட மாட உதவும் ஆளாக. என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் அதுதான். (நம் குடும்பங்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை!) 1987இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியைக் குத்திக்காட்டிப் பேசும் பழக்கம் சண்டிகர் குடும்பங்களில் லண்டனை விடக் குறைவாகவே காணப்பட்டது. அப்படிக் குத்திப் பேசும் வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டன் ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன.

சரி, பலகைக்கு வருவோம். 1963இல் கலிஃபோர்னியா குடும்ப ஆலோசகர்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐம்பது மாநிலங்களும் சட்டம் போட்டு முடிக்க 2009 ஆகிவிட்டது. ஆனால் பட்டமும் உரிமமும் மட்டுமே தகுதியா? அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின் 1960களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சோதனை செய்தார். கல்லூரிப் பக்கமே போகாத உள்ளூர் ஏழைக் கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்து, அவரும் ஜே ஹேலியும் குடும்ப சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து ஒவ்வொரு சந்திப்பையும் பார்ப்பார். தப்பு நடந்தால் அங்கேயே திருத்துவார். அவர்களிடம் பட்டம் இல்லை, ஆனால் மேற்பார்வை கடுமை. பொப்பனோவிடம் பட்டம் இருந்தது (கௌரவமாகத்தான்), மேலே பார்க்க ஆளில்லை.

நம் நாட்டில் 1992 சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள் மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். "கவுன்சலர்" என்ற சொல்லுக்கு வெகுகாலம் அப்படி எந்த வேலியும் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டம்தான் அவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் பயிற்சி பெற்ற இன்னொரு கூட்டமும் இருக்கிறது: மனநல சமூகப் பணியாளர்கள். பெரிய மனநல மருத்துவமனைகளில் இந்த வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது, ஆனால் வெளியே பலருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. ஆகவே யாரிடம் போனாலும் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் செய்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதல் நாளே "தப்பு இவர் மேல்தான்" என்று தீர்ப்புச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் "யார் மேலும் தப்பில்லை, எல்லோரும் கொஞ்சம் மாறணும்" என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடிக்கும் கணவனையும் அடிபடும் மனைவியையும் ஒரே தராசில் வைத்து, "இது இருவருக்கும் இடையிலான சுழற்சி" என்று பேசிய குடும்ப சிகிச்சையாளர்கள் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அதிகாரமா இருக்கிறது என்று 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் கட்டுரை எழுதிக் கேட்ட பிறகுதான் துறைக்குள் விவாதம் சூடுபிடித்தது. அடி உதை இருக்கும் வீட்டில் முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்படி வாய் திறப்பாள்?

இந்த விஷயத்தில் நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்கில் அடித்தவர் "அவள் இப்படிப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்று நியாயம் சொல்ல அனுமதி கிடையாது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.