கேளாமல் கட்டிய பொட்டு

திருவண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதையிலே, அடி அண்ணாமலை என்றோர் ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது சைவர் மரபு. அவருக்கு அங்கே கோயிலும் உண்டு. விடியுமுன் தோழியரை எழுப்பி நீராடச் செல்லும் கன்னியர், தங்கள் கைகள் இறைவனுக்கன்றிப் பிறர்க்குப் பணி செய்யாதிருக்க வரம் வேண்டுவதாக அமைந்த இருபது பாடல்கள். நோன்பு அவர்களுடையது, வேண்டுதலும் அவர்களுடையது. (அச்சொற்களை அவர்கள் நாவில் வைத்தவர் ஓர் ஆண் புலவர் என்பது வேறு செய்தி!)

பாட்டிலே பெண் கேட்கிறாள். நாட்டிலே பெண்ணைக் கேட்டார்களா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கென இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டிரைக் கொணர்ந்து குடியேற்றினான். அவர்தம் பெயரும் ஊரும் கல்லிலே உண்டு. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உண்டு. வர விரும்பினரா என்ற குறிப்புத்தான் இல்லை. கி.பி. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடுங்காலம். திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றார். தந்தையை விற்கச் செய்தது பசி. மகளிர் வாய் திறந்தனரா? கல் பேசவில்லை.

காலம் மாறிற்று, கட்டு மாறவில்லை. பிற்காலத்திலே அந்தக் கட்டுக்குப் பெயர் மானியம். கோயிற்பணி செய்யும் தாசியின் குடும்பத்திற்கு நிலம். பணி நின்றால் நிலம் போயிற்று! எனவே தாய்க்குப் பின் மகள். மகள் இல்லையேல் ஒரு சிறுமியைத் தத்தெடுத்தேனும் பொட்டுக் கட்டியாக வேண்டும். அடித்து இழுத்து வரத் தேவையே இல்லை. அடுப்பெரிய வேண்டுமே என்ற அச்சம் போதாதா, பெற்றவளே மகளைக் கோயிலுக்கு நடத்திச் செல்ல? பக்தி என்று அதற்குப் பெயர் சூட்டினர் பக்கத்தில் நின்றோர்.

இந்த முடிச்சைக் கண்டுகொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் அன்னை சந்திரம்மாளும் அக்குலத்தில் பிறந்தவரே. 1929இல் வந்த சட்டத் திருத்தம், பணியினின்றும் நிலத்தைப் பிரித்து, அனுபவித்த பெண்டிர்க்கே உரிமையாக்கிற்று. இனி நிலத்துக்காக மகளைத் தர வேண்டியதில்லை! சமயத்தில் கை வைக்கலாமா, மரபு என்னாவது என்று எதிர்த்தனர் சத்தியமூர்த்தி போன்றோர். அந்நிய ஆட்சி நம் தலையில் ஏற்றப்பட்டது என முழங்கிய நாவுதான் அது! தேவதாசியர் சிலரும் எதிர்த்து மனுக் கொடுத்தனர். கலையும் சொத்தும் இழப்போமே என்று அவர்கள் தமக்காகப் பேசியதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பொட்டு ஏறியது, தனக்காகப் பேச அறியாத குழந்தையின் கழுத்திலன்றோ?

அப்படி ஒரு குழந்தைதான் 1883இல் பிறந்த மூவலூர் இராமாமிர்தம். வறுமையால் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாசி ஒருவரிடம் தரப்பட்டவர். வளர்ந்ததும், தமக்கென்று பிறர் வகுத்த வாழ்வை மறுத்தார்; இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று பொட்டறுக்கச் சொன்னார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது, திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையோடு ஐம்பத்தைந்து வயதில் நடந்தார். கேளாமல் ஏற்றப்படும் சுமை எப்படி இருக்கும் என்பதை அவருக்கு எவரும் மேடையேறி விளக்க வேண்டியிருந்ததில்லை.

சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறிற்று. பொட்டுக் கட்டுவது குற்றம். கட்டப்பட்ட பெண்ணும் மணம் புரியலாம், அம்மணம் செல்லும் என்றது சட்டம். மூவலூர் அம்மையாருக்கு அப்போது வயது 64. சட்டத்தின் அனுமதிக்குக் காத்திராமல் அவர் மணமுடித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.