மவுன்ட் ரோட்டு மாடியும் பார்க்காமல் போன செட்டியாரும்

நெடுமாடங்கள் – 9

இந்த வாரம் 1975 ஜூலை 11-க்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். எல்.ஐ.சி. கட்டடம் தீப்பிடித்த நாள். வரமுடியவில்லை. இடையில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வந்து உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவரை எழுப்ப எனக்கு மனசில்லை. தீ ஒரு வாரம் பொறுக்கட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். நம் ஆள் அவரல்லர். இருவரும் நகரத்தார், இருவரும் சிதம்பரம், இருவருமே மெட்ராஸில் பெரும் புள்ளிகள். அதனால் ஒருவர் செய்ததை மற்றவர் கணக்கில் எழுதுவது இன்றுவரை நடக்கிறது. மைதானத்தின் பெயரை டெலிவிஷனில் வாரம் தவறாமல் கேட்கிறோம். எல்.ஐ.சி.யின் பதினாலு மாடிக்குக் காரணமானவர் பெயரைச் சொல்லத்தான் ஆளில்லை.

1908-ல் பிறந்தவர். தகப்பனார் சர் எம்.சிடி. முத்தையா செட்டியார் 1929-ல் காலமானபோது இவருக்கு இருபது, இருபத்தொரு வயது. அந்த வயதில் கைக்கு வந்தது சின்னப் பெட்டிக்கடை அல்ல. கடல் கடந்த கொடுக்கல் வாங்கல். நகரத்தார் வட்டிக்கடை என்றால் பர்மா, மலாயா, இலங்கை என்று விரிந்த உலகம். பர்மாவில் நெல் வயலை ஈடு வைத்துக் கடன் கொடுத்தார்கள். முப்பதுகளில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கையில். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் லேவாதேவிக்காரனுக்கு நிலம் கையில் தங்கினால் அது முடங்கிய பணம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அந்த நிலமெல்லாம் பத்திரமாக மட்டுமே மிஞ்சியது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் சிதம்பரம் செட்டியார் என்பது என் கட்சி. வட்டிக்கடைக் காலம் முடிந்தது, இனி வங்கியும் இன்சூரன்ஸும் ஆலையும்தான் என்று முப்பது வயதுக்குள் முடிவுக்கு வந்துவிட்டார். 1937 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். தொடங்கிய அன்றே மூன்று இடத்தில் கிளை: காரைக்குடி, சென்னை, ரங்கூன். இந்த மூன்று ஊரையும் ஒரு கோட்டில் இணைத்துப் பாருங்கள். செட்டிநாட்டுப் பணம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பியது என்பதன் வரைபடமே அதுதான். மெட்ராஸின் ஷெரீப் பதவியும் சின்ன வயதிலேயே வந்தது.

எங்கள் செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இவர் இன்னொரு வகையில் தெரிந்திருக்க வேண்டியவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், பெரும்பாவூர் அருகே டிராவன்கூர் ரேயான்ஸ் ஆலையை நிறுவியவர் இவரே. 1950-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. செயற்கைப் பட்டு நூலை நம் நாட்டில் முதலில் தயாரித்த ஆலை. ஆலையை நிறுவியபோது செங்கோட்டையும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர் என்று சொல்லும்போது வெளியூர் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவர் திருநெல்வேலிக்காரர் இல்லையா என்று. செங்கோட்டைக்காரருக்கு அரசாங்க வேலை என்றால் அன்றைக்கு அது மகாராஜா வேலைதான். சரி, வாஞ்சிநாதன் பக்கம் போனால் இந்தத் தொடரே மணியாச்சியில் நின்றுவிடும். செட்டியாருக்கு வருகிறேன்.

குடும்பத்தின் கையில் யுனைடெட் இந்தியா என்ற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி இருந்தது. 1906-ல் மெட்ராஸில் தொடங்கியது. அதற்குத் தலைமையகம் கட்டவேண்டும். அன்றைய மவுன்ட் ரோட்டில் பெரிய கட்டடம் என்றால் செங்கல், சுண்ணாம்பு, கும்மட்டம், வளைவு. செட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கு எழுந்த தலைமையகம் மாதிரி நேரான, தட்டையான, கான்கிரீட் தூண்களில் நிற்கிற ஒன்று வேண்டும் என்றார். லண்டனிலிருந்து பிரவுன், மௌலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களை அமர்த்தினார். 1953-ல் வேலை ஆரம்பம்.

அடுத்த வருடம், 1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டன் போகிற பி.ஓ.ஏ.சி. விமானம் ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்குகிறது. ஓடுபாதை தொடங்குவதற்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் சக்கரம் இடித்தது. இறக்கை முறிந்து, விமானம் குப்புறக் கவிழ்ந்து, தீப்பிடித்தது. விமானத்தில் இருந்தவர்கள் 40 பேர். செத்தவர்கள் 33. பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. தப்பிய ஏழு பேரும் விமானச் சிப்பந்திகள். கதவு திறக்கவில்லை, மீட்கப் போனவர்களிடம் தக்க சாதனம் இல்லை, விமானி இருபது மணி நேரத்துக்கு மேலாகப் பணியில் இருந்தார் என்று விசாரணையில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த 31 பேரில் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது 45.

மவுன்ட் ரோட்டில் கட்டடம் அப்போது அடித்தள நிலையில்தான். முதலாளி போனதும் வேலை நின்றிருந்தால் ஆச்சரியமில்லை. நிற்கவில்லை. ஆனால் முதலாளியே மாறினார்.

அந்த மாற்றத்துக்கு வழிசெய்த வில்லன் இங்கேதான் வருகிறார், தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா. மவுன்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யைத் தாண்டிச் செல்கிறவர்கள் சிவப்பும் வெள்ளையுமாய் கோபுரமும் கும்மட்டமும் கொண்ட ஒரு பழைய மாளிகையைப் பார்த்திருப்பார்கள். 1897-ல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்துக்கடைக்காரருக்காகக் கட்டியது. கட்டியபோது பெயர் கார்டைல். பின்னால் அதை வாங்கியது லாகூரில் பிறந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி. அந்தக் கம்பெனியை 1936-ல் டால்மியா கைப்பற்றினார். பாலிசிதாரர்கள் மாதாமாதம் கட்டிய பிரீமியத்தை எடுத்துப் பங்குச்சந்தையில் சூதாடினார். இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் ஓட்டை. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி லோக்சபாவில் எழுந்து இதைப் போட்டு உடைத்தார். ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். டால்மியாவுக்குப் பின்னால் இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. போதாது என்பது என் கருத்து.

1956 ஜனவரி 19 இரவு, நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் ரேடியோவில் பேசினார். ஆயுள் இன்சூரன்ஸ் தொழில் அரசு வசமாகிறது. கம்பெனிகள், சங்கங்கள் எல்லாம் சேர்த்து 245. நல்லவன் கெட்டவன் பார்க்காமல் ஒரே கையெழுத்து. டால்மியாவின் பாரத்தும் போயிற்று, செட்டியாரின் யுனைடெட் இந்தியாவும் போயிற்று. செப்டம்பர் 1 அன்று ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தோடு எல்.ஐ.சி. பிறந்தது. மவுன்ட் ரோட்டில் பாதி எழும்பி நின்ற கட்டடம் அன்றிலிருந்து சர்க்கார் கட்டடம். டால்மியாவின் மாளிகையும் அதே நாளில் அதே கைக்குப் போனது. பொறுக்கி எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதவையின் பணத்தைக் காப்பாற்ற வேறு வழி அன்றைக்கு இருக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் முகப்பில் செட்டியார் பெயரை ஒரு ஓரமாகவாவது பொறித்திருக்கலாம். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இதைச் சொல்ல எங்கள் ஊருக்கு உரிமை இருக்கிறது. எல்.ஐ.சி. பிறந்து சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் கைமாறியது. தாலுகாவின் ஆரியங்காவுப் பக்கம் கேரளாவோடு நிற்க, நாங்கள் மெட்ராஸ் ராஜ்யத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தோம். ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருந்தது. அதைக் கொத்தி எடுக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. இன்றும் பஸ் அதன் கீழேதான் நுழைகிறது. ஆட்சி மாறினால் பழைய முத்திரையை அழித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

செட்டியாரின் வங்கிக்கும் மற்ற இன்சூரன்ஸுக்கும் பின்னால் இதே வழிதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969-ல் தேசியமயம். யுனைடெட் இந்தியா என்ற பெயர் பொது இன்சூரன்ஸ் பக்கம் தொடர்ந்து, எழுபதுகளில் அதுவும் அரசுக் கம்பெனி. ஒரே மனிதரின் வங்கியும் இன்சூரன்ஸும் சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்த வேறு உதாரணம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

கட்டடத்துக்கு வருவோம். லண்டன் கலைஞர்கள் 1957-ல் விலகிக்கொண்டார்கள். முடித்துக் கொடுத்தவர் எல்.எம். சித்தாலே. கணக்குச் சொன்னால் 14 மாடி, 177 அடி, 87 லட்சம் ரூபாய். ஆனால் திறப்பு விழாவுக்கு முன்னால் இன்னொரு கூத்து நடந்தது. எல்.ஐ.சி.யே மாட்டிக்கொண்டது.

1957 ஜூனில், புதுச்சுண்ணாம்பு காயாத எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா ஆசாமியின் ஆறு கம்பெனிகளில் ஒன்றே கால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. கம்பெனிகளோ தள்ளாடிக்கொண்டிருந்தவை. மறுபடி பெரோஸ் காந்தி எழுந்தார். டால்மியாவிடமிருந்து காப்பாற்ற வாங்கிய பணத்தை முந்த்ராவிடம் கொடுப்பதா? பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா ஒரு நபர் கமிஷன். விசாரணை பகிரங்கம், உள்ளே இடமில்லாதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். அமைச்சர் பொறுப்பேற்க வேண்டும் என்றார் சாக்ளா. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் மெட்ராஸ்காரர், 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். மாதக் கடைசியில் பட்ஜெட்டை நேருவே படித்தார். மார்ச்சில் நிதி இலாகாவுக்கு வந்தவர் மொரார்ஜி தேசாய்.

ஆகவே, 1959 ஆகஸ்ட் 23 அன்று டி.டி.கே.யின் ஊரில், டி.டி.கே.யை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனத்தின் கட்டடத்தைத் திறந்துவைத்தவர் மொரார்ஜி. அவருக்கு மெட்ராஸோடு வேறெந்த உறவும் இருந்ததாக நினைவில்லை. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. பட்டம் இரண்டே வருடம். 1961-ல் பம்பாயில் உஷா கிரண் எழுந்து தட்டிச் சென்றது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவே இல்லை. கொல்லம் மெயில் செங்கோட்டை வழியாக எழும்பூர் போய்க்கொண்டிருந்த மீட்டர்கேஜ் காலத்தில், மெட்ராஸ் போய்த் திரும்பியவனிடம் ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏலே, எல்.ஐ.சி.ய பாத்தியா? அண்ணாந்து பாத்தா தலப்பா விழுதுங்காங்களே, நெசமா?" கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்தில் கால் வைத்தான் என்று காட்ட சினிமாக்காரர்களும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்தபடி இதைத்தான் காட்டினார்கள். பம்பாயில் எத்தனை மாடி இருந்தால் இவர்களுக்கென்ன?

(தொடரும்)