கூறைச்சேலைக்குள் ஒரு மட்டை

பாரிஸ் லாச்சப்பல் கடைகளில் தொங்கும் காஞ்சிபுரக் கூறைச்சேலையைக் காட்டி, இது எங்கள் பாரம்பரியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உண்மைதான். அந்தப் பாரம்பரியத்துக்குள் லியோன் நகரத்துத் தடித்த மட்டை ஒன்றும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பூவேலைப் பட்டு நெய்யும்போது, ஒவ்வொரு ஊடைக்கும் எந்தப் பாவு இழைகள் உயரவேண்டும் என்பதே கணக்கு. முன்னர் லியோனில் தறியருகே நின்று கயிறிழுத்து அவற்றை உயர்த்தியவர்களில் பலர் சிறுவர், சிறுமியர். 1725இல் பசீல் பூஷோன் அந்தக் கணக்கைக் கடதாசிச் சுருளில் துளைகளாகப் பதிந்தார். கடதாசி எளிதில் கிழியும். 1728இல் ஃபால்கோன் என்பவர் சுருளை விட்டு, ஒன்றோடொன்று கோத்த மட்டைகளுக்கு மாறினார். ஆனாலும் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. உதவியாள் இல்லாமலே இயங்கும் பொறியை 1745இல் வோகான்சன் செய்தார். இரண்டையும் இணைத்து 1804இல் வெற்றி கண்டவர் ஜக்கார்ட்.

தடிப்பு ஏன் முக்கியம்? மட்டை, வரிசையாக நிற்கும் ஊசிகளின்மேல் அழுத்தப்படும். துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே போக, அதன் கொக்கி இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் மட்டை ஊசியைத் தள்ளிவிடும். இழை அப்படியே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஒரு மட்டை. நாள் முழுக்க விழும் இந்த இடியை மெல்லிய கடதாசி தாங்காது. 1839இல் பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படத்துக்குச் சுமார் 24,000 மட்டைகள் தேவைப்பட்டன. அதன் பிரதியொன்றை வைத்திருந்த சார்ல்ஸ் பாபேஜ், தமது கணிப்பொறித் திட்டத்துக்கும் துளை மட்டைகளையே தேர்ந்தார். கணினித்துறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது தூரத்து உறவு.

நாங்கள் மட்டை என்பதைக் காஞ்சிபுரத்தில் அட்டை என்பார்கள். அங்கும் தறிக்குமேல் ஜக்கார்டு பெட்டி ஏறியது. கரையின் மயிலும் முந்தானை மாங்காயும் அட்டைத் துளைகளாயின.

இதில் இலாபமும் உண்டு, இழப்பும் உண்டு. கயிறிழுத்த பிள்ளையின் கை ஓய்ந்தது. அதோடு அந்தக் கூலியும் நின்றது. மனிதரின் பழக்கத்தில் இருந்த கோலம் மட்டைக்கு மாறியதும், அதை விற்கலாம், பூட்டியும் வைக்கலாம் என்றாயிற்று.

வோகான்சனின் தறி பாரிஸ் கலைத்தொழில் அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு நிற்கிறது. கட்டத்தாளில் மயிலை வரைந்தவர், அட்டையில் துளையடித்தவர், அதைத் தறியில் நெய்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கள் கூறைகளில் இல்லை. பாரம்பரியம் என்று நாங்கள் சொல்லும்போது அந்தக் கைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும்.