கண்ணாடி மேல் ஒரு முகம்

பணி ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு ஸ்கேனர். தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்கள், அப்பாவின் பிறப்புப் பதிவு நகல், என்னுடைய பிரெவே சான்றிதழ் எல்லாவற்றையும் செல்லரிப்பதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். மூன்றே மாதத்தில் வேலை முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பெட்டி, பழைய தினசரிகளை அடுக்கி வைக்கும் மேடையாகிவிட்டது.

சென்ற வருஷம் கோடை விடுமுறைக்குப் புதுச்சேரி வந்த மகள் வயிற்றுப் பேத்தி அதைத் தூசி தட்டி எடுத்தாள். சென்னையில் ஓவியம் படிக்கிறாள். "தாத்தா, இதுல உங்க முகத்தை எடுக்கப் போறேன்" என்றாள். ஆதார் அட்டைக்கு எடுத்த படம் இருக்கிறதே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

மூடியைக் கழற்றினாள். கண்ணாடியைத் துடைத்தாள். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பாரத்தைக் கண்ணாடி மேல் போடாமல் கன்னத்தை மட்டும் அதில் தொட்டாற்போல வைக்கச் சொன்னாள். விளக்கு கடந்து போகும்வரை கண்ணை மூடியே இருக்க வேண்டும், மூச்சுகூட மெதுவாக விட வேண்டும் என்று உத்தரவு. ஏறக்குறைய இருபது விநாடி. கணினித் திரையில் வந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். கன்னத்துச் சுருக்கமும் நரைத்த முள்தாடியும் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். மூக்கு கண்ணாடியில் நசுங்கியிருந்தது. காது பாதி இருட்டில். அதற்கப்பால் ஒரே கறுப்பு.

"குளத்துல மூழ்கினவன் மாதிரி இருக்கேன்" என்றேன்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று என் மனைவி கடிந்துகொண்டாள்.

ஆனால் அந்த வார்த்தை எனக்கு ஒருவரை ஞாபகப்படுத்திவிட்டது. இப்போலித் பயார். பாரீசில் நிதி அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். குமாஸ்தா என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர் என்று தகேரின் பெயரைத்தான் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே 1839ஆம் ஆண்டில் பயார் தன் சொந்த முயற்சியில், காகிதத்தில் நேரடியாகப் படம் பதியும் வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதமே தன் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார். தகேரின் முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது ஆகஸ்டில்தான். ஆனால் விஞ்ஞானியும் அரசியல்வாதியுமான அராகோ, தகேர் பக்கம் நின்றார். பிரெஞ்சு அரசு தகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய கூட்டாளியாக இருந்து மறைந்த நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஆயுள்கால ஓய்வூதியம் கொடுத்தது. பயாருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மனு எழுதிப் பயனில்லை என்று தெரிந்த குமாஸ்தா என்ன செய்வான்? பயார் 1840இல் சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்து, நீரில் மூழ்கி இறந்தவனைப் போலத் தன்னைத் தானே படம் எடுத்தார். பின்பக்கத்தில், தகேருக்கு வாரிக் கொடுத்த அரசு எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அதனால் இந்தப் பாவி தண்ணீரில் விழுந்துவிட்டான் என்ற பொருளில் கேலியாக ஒரு குறிப்பும் எழுதினார். பிறகு 1887 வரை உயிரோடு இருந்தார், நிறையப் படங்கள் எடுத்தார் என்பது வேறு கதை.

அவர் கண்ணை மூடியதற்கு இன்னொரு வசதியும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் இமைக்காமல் யாரால் இருக்க முடியும்? தகேர் 1838 வாக்கில் பாரீசின் ஒரு பெரிய வீதியை எடுத்த படம் இருக்கிறது. வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு. படத்தில் தெருவே காலி. அசைந்தவர்கள் யாரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒரே ஒரு மனிதர்தான் தெளிவாக நிற்கிறார். என் ஸ்கேனர் கேட்பதும் இதே பொறுமையைத்தான். ஆனால் பயாரின் பெட்டி முகம் முழுவதையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கேனர் ஒரு சமயத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கிறது.

வரி வரியாகப் படிக்கும் இந்த யுக்தியும் பழசுதான். இத்தாலியப் பாதிரியார் கசெல்லி செய்த ஒரு தந்தி இயந்திரம் 1865இல் பாரீசுக்கும் லியோனுக்கும் இடையே வேலைக்கு வந்தது. உலோகத் தகட்டில் எழுதிய கையெழுத்தின் மேல் ஒரு ஊசி வரி வரியாக ஓடும். மறுமுனையில் ரசாயனம் தோய்ந்த தாளில் அதே கையெழுத்து உருவாகும். 1907இல் எதுவார் பெலேன், புகைப்படத்தை உருளையில் சுற்றி, தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிக் காட்டினார். எங்கள் பள்ளி வாசகசாலைக்குத் தாமதமாக வந்துசேரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில், சில படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் 'பெலினோ' என்று போட்டிருக்கும். அது படம் எடுத்தவர் பெயர் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முசே ஒருநாள் சிரித்துவிட்டு, அது கம்பியில் வந்த படம் என்று விளக்கினார்.

கணினிக்குள் போன முதல் படம் எது என்று தேடினால், அதுவும் ஒரு முகம்தான். 1957இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு உருளை ஸ்கேனரைச் செய்தார்கள். அதில் கிர்ஷ் வைத்தது, பிறந்து மூன்று மாதமே ஆன தன் மகனின் புகைப்படம். 5 சென்டிமீட்டர் சதுரம், 176க்கு 176 புள்ளிகள், அவ்வளவே. எண்ணற்ற அரசாங்கக் காகிதங்கள் கையருகே இருந்திருக்கும். அப்பா மனசு பிள்ளையின் முகத்தைத்தான் எடுத்தது.

படுக்கை வாட்டில் கண்ணாடி வைத்த ஸ்கேனருக்கும் ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. 1976இல் ரே கர்ஸ்வைல், பார்வையற்றவர்களுக்குப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் இயந்திரத்தை வெளியிட்டார். அதன் ஒரு பகுதிதான் இந்த வகை ஸ்கேனர். கண் தெரியாதவர்களுக்காக வந்த கருவியின் முன்னால் நாம் கண்ணை மூடிக்கொண்டு படுக்கிறோம்.

இனி, அசைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர் 1910களின் தொடக்கத்தில் ஒரு கார் பந்தயத்தை எடுத்தார். காரின் சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். அவருடைய காமிராவில் ஒரு குறுகிய பிளவு பிளேட்டின் மேல் நகர்ந்துபோனது. சக்கரத்தின் அடிப்பாகமும் மேல்பாகமும் வெவ்வேறு கணத்தில் பதிந்தன. அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. ஸ்கேனரில் அந்தப் பிளவு இன்னும் நிதானமாக நகர்கிறது. ஏ4 நீளத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், ஏறக்குறைய 3,500 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நேரம். நெற்றி பதியும்போது இருந்த நான், மோவாய் பதியும்போது இருபது விநாடி வயது கூடியவன்.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. இதன் அர்த்தம் புரிந்தது வேறொரு நாள்.

என் மனைவிக்கு நான்கு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். துலூசில் இருக்கும் மகனிடம் அதை முழுசாகச் சொல்ல விடமாட்டாள். வீடியோவில் பேசும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். போட்டோவிலோ எந்தக் கையும் நடுங்காது. நூறில் ஒரு பங்கு விநாடியில் எடுத்த படத்தில் எல்லாக் கையும் திடமான கைதான். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்பான் மகன்.

பேத்தி ஊருக்குப் போன பிறகு, ஒருநாள் மாலை அவளே வந்து, "ஏங்க, எனக்கும் ஒண்ணு எடுங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். கண்ணை மூடி, கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்தாள். வலது கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் வைக்கச் சொல்லவில்லை.

முகம் தெளிவாக வந்தது. மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. கை மட்டும் அலை அலையாக, ஓரங்களில் சிவப்பும் பச்சையும் பிரிந்து, நீருக்கடியில் இருப்பதுபோல வந்திருந்தது. அலைகளை எண்ணினேன். இருபதுக்கு மேல் இருந்தன. இந்த நோயில் கை விநாடிக்கு நாலைந்து தடவை ஆடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளக்கு அந்தக் கையைக் கடந்துபோக ஐந்து விநாடி என்றால் கணக்கு சரியாக வருகிறது.

அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"வேண்டாம். இதுதான் என் கை. அவனுக்கு இதை அனுப்பிடுங்க" என்றாள்.

அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே மகனிடமிருந்து போன் வந்தது. இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிக்குப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டு, இரண்டு பேருக்கும் காபி கலந்து வைத்திருந்தாள். டிசம்பரில் வருகிறானாம்.