ஈஞ்சம்பாக்கத்து மஞ்சள் வீடு

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டருக்கு ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட்தான். அதையும் அரையாண்டுப் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து கடன் கேட்பார். கொடுத்துவிடுவேன்; திரும்பி வந்ததாக நினைவில்லை. தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு ரயில்வே காலனி, ஏர்ஃபோர்ஸ் குடியிருப்பு, மெப்ஸ் கம்பெனி வீடுகள் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். நன்றாகப் படம் போடுகிற பையனின் அப்பா என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "சார், இது சோறு போடுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் யாராவது வான்கோவை இழுத்துவிடுவார். "உயிரோட இருந்தப்ப படம் அவ்வளவா விக்கல சார். செத்தப்புறம் கோடி கோடியா போகுது." அத்தோடு அந்தப் பையன் டிப்ளமா மெக்கானிக்கலில் சேர்ந்துவிடுவான்.

அந்த அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் வான்கோவின் நெதர்லாந்தில் இல்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை என்று போய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடதுபக்கம் திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966 முதல் இருக்கிறது. ஆனால் வான்கோவின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

வின்சென்ட் வான்கோவுக்கு ஓர் ஆசை இருந்தது: ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து வேலை செய்ய வேண்டும். 1888 மே மாதம் தெற்கு பிரான்சின் ஆர்ல் ஊரில் மஞ்சள் சுவர் கொண்ட ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தார். வரப்போகிற நண்பர்களுக்காக 12 நாற்காலிகள் வாங்கிப் போட்டார். அக்டோபரில் ஓவியர் பால் கோகன் வந்தார். டிசம்பர் 23 இரவு வாக்குவாதம் முற்றி, வின்சென்ட் தன் காதை அறுத்துக்கொண்டார்; கோகன் பாரிசுக்கே திரும்பிவிட்டார். மற்ற நாற்காலிகளுக்கு ஆளே வரவில்லை. வாடகை, வண்ணம், ரொட்டி எல்லாமே தம்பி தியோ மாதாமாதம் அனுப்பிய பணத்தில் நடந்தவை. 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார், ஆறு மாதத்தில் தியோவும் போனார். விற்காத படங்களையும் கட்டுக்கட்டான கடிதங்களையும் காப்பாற்றி, கண்காட்சி வைத்து, உலகத்தின் கண்ணில் பட வைத்தவர் தியோவின் மனைவி யோ. அவர் மகன் 1962-இல் அந்தச் சேகரத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க, ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் 1973 ஜூனில் திறந்தது. அதன்பிறகு விழாவுக்குக் குறைவில்லை. 1990-இல் நினைவு நூற்றாண்டு, 2003-இல் பிறந்து 150 ஆண்டு, 2015-இல் இறந்து 125 ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் பெரிய கண்காட்சிகள்.

அந்த 2015-க்கு அடுத்த ஆண்டே சோழமண்டலத்துக்குப் பொன்விழா.

அந்தக் கிராமத்தைத் தொடங்கிவைத்த கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராக வந்து உட்கார்ந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் அதே பள்ளிதான். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் மாணவராகச் சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்குப் பிறகு 1957-இல் பணிக்கரே முதல்வரானார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கண்ணில் பட்டது ஆண்டுதோறும் வெளியே போகும் மாணவர்களின் நிலைமை. படம் வாங்குகிற வழக்கம் சென்னையில் அபூர்வம். நெசவாளர் சேவை மையத்தில் சிலருக்கு டிசைன் வேலை கிடைக்கும், சிலர் விளம்பரக் கம்பெனிக்குப் போவார்கள். மிச்சப்பேர் என்னைப் போல டிராயிங் மாஸ்டர்கள். வேலை கிடைத்தவனும் கொஞ்ச நாளில் தூரிகையை மறந்துவிடுவான்.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பாத்திக். தேன்மெழுகையும் பாரஃபினையும் சேர்த்து உருக்கி, வண்ணம் ஏறக்கூடாத இடத்தில் துணிமேல் தடவ வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். சாயம் ஆறியிருக்க வேண்டும், சூடு பட்டால் மெழுகு இளகிவிடும். காய்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடிப்பது. துணியைக் கசக்கினால் மெழுகு விரிசல் விட்டு, அதன் வழியே சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடலாம். பள்ளியில் கைக்குட்டை அளவுத் துணியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை வரை என் சட்டையில் மெழுகுப் புகை நாறும். இது ஓவியன் கைக்கு உடனே படிகிற வேலை. கோடும் நிறமும் தெரிந்தவனுக்குப் பாதித் தொழில் ஏற்கெனவே தெரியும்.

இதிலும் ஒரு டச்சுக் கதை உண்டு. பாத்திக்கின் தாயகமான ஜாவா டச்சுக்காரர்கள் ஆண்ட தீவு. அந்தத் துணியை இயந்திரத்தில் நகலெடுத்து விற்ற ஆலை ஒன்று 1846 முதல் ஹெல்மண்ட் ஊரில் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் உள்ள நியூனென் கிராமத்தில்தான் வான்கோ 1884-இல் தறியில் குனிந்திருந்த நெசவாளர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கைத்தொழிலாளியின் கஷ்டத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர், தன் பிழைப்புக்கு ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொள்ளவில்லை. பணிக்கரின் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் பாத்திக் நன்றாக விற்றது. ஓவியர் கைவினைஞர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, வந்த பணத்தைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கினார்கள். அப்போது அங்கே கடலும் மணலும்தான். குடிசை போட்டுக்கொண்டு முப்பது பேர் அளவில் சேர்ந்தார்கள். சோழர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். பிழைப்புக்குக் கைவினை, மிச்ச நேரம் முழுதும் அவரவர் ஓவியம், அவரவர் சிற்பம். படம் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் யாருடைய ருசிக்காகவும் வரையத் தேவையிருக்கவில்லை. சென்னை இயக்கம் என்று விமர்சகர்கள் இன்று பேசுகிற தனித்தன்மையின் பெரும்பகுதி இந்தச் சுதந்திரத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி.

பணிக்கரையே பாருங்கள். அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்கு வாய்ப்பாடும் யாராலும் படிக்க முடியாத எழுத்தும் நிரம்பிக் கிடக்கும். அதில் ஒன்றின் அச்சுப்படத்தை எங்கள் கணக்கு வாத்தியாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர், "ஸ்டெப்பே சரியில்லையே" என்றார். 1960-களில் இந்தப் படத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? மெழுகும் சாயமும் இருந்ததால் நடத்த முடிந்தது. எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், சேனாதிபதி, ஹரிதாசன், சுல்தான் அலி, பணிக்கரின் மகனான சிற்பி நந்தகோபால் என்று ஒருவர் கை இன்னொருவர் கையைப் போல இல்லாத கூட்டம் அங்கே உருவானது. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசுக்குப் போனார்கள், கோகன் மாதிரிச் சண்டை போட்டுக்கொண்டு அல்ல.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கே. ராமானுஜம் அங்கே இருந்தார். பேச்சு சரியாக வராது, மனநோய் வேறு. கோட்டை, கோபுரம், பாம்பு, சிறகு முளைத்த பெண்கள் என்று பேனா மையால் ஓர் உலகத்தையே இழை இழையாகக் கட்டியவர். அதன் நடுவே தொப்பி வைத்த மனிதராகத் தன்னையும் வரைந்துகொள்வார். 1973-இல், முப்பதைத் தாண்டிய இள வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமில் வான்கோவுக்கு மாளிகை திறந்த அதே ஆண்டு. ராமானுஜத்தைச் சுற்றிச் சக ஓவியர்கள் இருந்தார்கள், வேலை இருந்தது, கூரை இருந்தது, அவ்வளவும் போதவில்லை. சோற்றுக்கு வழி சொன்ன கிராமத்திடம் எல்லா நோய்க்கும் மருந்து இருக்கவில்லை.

பணிக்கர் 1977-இல் காலமானார். 2009-இல் கிராமத்துக்குள்ளேயே சமகாலக் கலை மையம் எழுந்தது. சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே நிரந்தரமாக உள்ளன. மணற்காடு இன்று சென்னையின் விலை உயர்ந்த மனைப்பகுதிகளில் ஒன்று. ஆனாலும் கிராமம் நிற்கிறது.

பொன்விழா முடிந்துவிட்டது, 2066-இல் நூற்றாண்டு வரும். அப்போது கண்காட்சி வைப்பவர்களுக்கு இப்போதே ஒரு மனு போட்டு வைக்கிறேன். முதல் அறையில் அடுப்பும் மெழுகுச் சட்டியும் சாயத் தொட்டியும், அன்று வரவுசெலவு எழுதிய நோட்டு எதுவும் மிஞ்சியிருந்தால் அதுவும் இருக்கட்டும். ஓவியங்களை இரண்டாம் அறையிலிருந்து மாட்டினால் போதும். பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா முதல் அறையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார்.