கடைமடையின் வாக்கு

தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடையிலுள்ள சட்டமன்றத் தொகுதி. தலைமடை நனைந்த பின்னரே இங்கு நீர் வரும். வாராத ஆண்டும் உண்டு. ஆதலின், மன்றத்தில் தமக்காகப் பேச ஒருவரை அனுப்புவது இம்மக்களுக்குச் சடங்கன்று, பயிரின் வாழ்வு.

1996, 2001 தேர்தல்களில் தமிழ் மாநில காங்கிரசின் திருஞானசம்பந்தம் வென்றார். 2006-இல் அ.தி.மு.க.வும், 2011-இல் தே.மு.தி.க.வின் நடிகர் அருண்பாண்டியனும் வெற்றி பெற்றனர். 2016-இலோ, அ.தி.மு.க.வின் கோவிந்தராசு, தி.மு.க.வின் அசோக்குமாரை 995 வாக்குகளில் வென்றார். ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் தொகையினும் சிறிய எண் அது! தோற்றவரே 2021-இல் வென்றார்.

மாணவர்களே, எந்தக் கட்சிக்கும் இத்தொகுதி நிலையான உடைமையாகவில்லை. 995 பேர் வாளாவிருப்பினும் முடிவு மாறக்கூடும். நீருக்குக் கடைமடை உண்டு, வாக்குக்கு இல்லை.